மிளா, மரை, கடமான்: வேட்டைக்கு முன்பு பார்க்கும் கண்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மட்டாஞ்சேரியில் விடாத மழை. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் வேலை பார்க்கும் என் தம்பி மகன் வீடியோ காலில் வந்தான். வழக்கமான குசலம் விசாரித்த பிறகு உற்சாகமாக ஒன்று சொன்னான்.

"பெரியப்பா, அடுத்த வாரம் ஆபீஸ் ஆளுங்க நாலு பேரோட மலைக்குப் போறேன். எல்க் பாக்கறதுக்கு. இப்போ பாக்க மட்டும்தான். செப்டம்பர்லதான் வில் சீசன், அப்போதான் வேட்டை."

பக்கத்தில் இருந்த என் தாயாருக்கு வயது எண்பத்தாறு. பாபநாசம் மலையடிவாரத்தில் பிறந்து, கல்யாணமாகி கொச்சிக்கு வந்தவர். "எல்க்குன்னா என்னல?" என்று கேட்டார். அவன் படத்தைக் காட்டினான்.

"ஏல, இது மிளால்லா! மிளாவையா கொல்லப் போற? அதுவும் அம்பு எய்தா? நம்ம குடும்பத்துல யாருல இப்படிப் பண்ணுனா?"

"இல்ல ஆச்சி, இது வேற" என்று தொடங்கியவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். அவனுக்குக் கோபம், அம்மாவுக்கு வருத்தம். அதன் பிறகு சில வாரங்கள் ஆச்சியும் பேரனும் சரியாகப் பேசிக்கொள்ளவே இல்லை.

இருவருக்கும் இடையில் மாட்டிக்கொண்ட நான் இதைப்பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். நம் சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, படித்ததையே எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். அவன் செய்வது சரியா, தவறா என்று தீர்ப்புச் சொல்வது என் நோக்கமன்று. வேட்டைக்குப் பல வாரம் முன்பே மலையேறி, அம்பைத் தொடாமல் விலங்கைப் பார்த்துவிட்டு வருகிறார்களே, அது என்ன கலை? நம் மலைகளிலும் அது இருந்ததா? இருந்தது என்றால் இன்று என்ன ஆயிற்று? இம்மூன்று கேள்விகளுக்கும் எனக்குக் கிடைத்த விடைகளை அன்பர்கள் முன் வைக்கிறேன்.

பெயரில் உள்ள குழப்பம்

முதலில் அம்மாவுக்கு நியாயம் செய்துவிடுகிறேன். எல்க்கை மிளா என்று அவர் சொன்னதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆங்கிலேயர்களே இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள்தாம்.

ஐரோப்பாவில் எல்க் என்பது வேறொரு மான். அமெரிக்காவில் அதன் பெயர் மூஸ். அமெரிக்காவுக்குக் குடியேறிய ஆங்கிலேயர் அங்கே கண்ட இன்னொரு பெரிய மானுக்குத் தம் ஊர்ப் பெயரைச் சூட்டிவிட்டார்கள். அம்மண்ணின் பழங்குடிகளில் ஒரு பிரிவினரான ஷானி மக்கள் அதை வாபிட்டி, அதாவது வெண்பிட்டத்தான் என்றார்கள். அதே ஆங்கிலேயர் இலங்கைக்கும் நீலகிரிக்கும் வந்து நம் கடமானைக் கண்டபோது அதையும் எல்க் என்றே எழுதிவைத்தார்கள். நுவரெலியாவில் குடியேறி நாய்களை வைத்து வேட்டையாடிய சாமுவேல் பேக்கர், 1850களில் வெளிவந்த தம் நூலில் எல்க் எல்க் என்று சொல்வதெல்லாம் இந்தக் கடமானைத்தான். ஊட்டியில் முருகன் கோயில் இருக்கும் எல்க் ஹில்லுக்கு நம்மில் பலர் போயிருப்போம். அந்தப் பெயரும் இவ்வழக்கின் மிச்சமே.

நம் மொழியிலும் இதற்கு ஒரே பெயர் இல்லை. தமிழ்நாட்டில் பொதுவாகக் கடமான், திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கம் மிளா, இலங்கைத் தமிழரிடம் மரை. நம்மைச் சுற்றியுள்ள மலையாளிகள் ம்லாவு என்கிறார்கள். தொல்காப்பியத்தின் மரபியல், பசுவையும் எருமையையும் சொல்வது போலவே மரையின் பெண்ணையும் 'ஆ' என்று சொல்லலாம் என்கிறது. பழைய நூல்களின் மரை எந்த விலங்கு என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் அமெரிக்கர்களும் தங்கள் எல்க்கைக் காளை, பசு, கன்று என்றே வகைப்படுத்துகிறார்கள் என்று அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. மாடு போன்ற பெரிய மானைக் கண்டால் மனிதனுக்கு மாட்டின் சொல்தான் நாவில் வருகிறது போலும்.

இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் வேறு வேறு இனங்கள். எல்க் காளை 300 கிலோவுக்கு மேல் இருக்கும். முழுமையாக வளர்ந்த கொம்பில் பக்கத்துக்கு ஆறு கிளைகள் சாதாரணம். நம் கடமான் இந்திய மான்களில் மிகப் பெரியது. நன்கு வளர்ந்த ஆண் 250 கிலோவைத் தாண்டுவதுண்டு. கொம்பில் பக்கத்துக்கு மூன்று கிளைகளே. எல்க் வெட்டவெளியை விரும்பும், மந்தையாகச் சேரும். கடமான் புதரை விரும்பும், இரவில் நடமாடும். ஆண் பெரும்பாலும் தனியாகவே திரியும்.

கோடையில் ஏன் போகிறார்கள்?

துப்பாக்கி வைத்திருப்பவர் எட்டி நின்று சுடலாம். வில் வேட்டைக்காரரால் அது முடியாது. முப்பது நாற்பது மீட்டருக்குள் போனால்தான் அம்பு குறி தவறாமல் போகும். மான் நம்மைக் காணாமலும், கேளாமலும், எல்லாவற்றுக்கும் மேலாக மோப்பம் பிடிக்காமலும் அவ்வளவு கிட்டப் போக வேண்டும். முன்பின் தெரியாத மலையில் இது நடக்கவே நடக்காது. அதனால்தான் செப்டம்பரில் வரும் பருவத்துக்கு ஜூலை, ஆகஸ்டிலேயே நோட்டம் பார்க்கப் போகிறார்கள்.

அந்த மாதங்களில் பார்ப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஆட்டுக்கொம்பு விழாது, மான்கொம்பு ஆண்டுதோறும் விழுந்து முளைக்கும். எல்க் காளையின் கொம்பு மார்ச், ஏப்ரல் வாக்கில் உதிர்ந்து, உடனே புதியது முளைக்கத் தொடங்குகிறது. கோடை முழுக்க அதன்மேல் இரத்த ஓட்டமுள்ள, வெல்வெட் துணி போன்ற மென்தோல் மூடியிருக்கும். வளர்ச்சி உச்சத்தில் இருக்கும்போது ஒரு நாளைக்கு ஓர் அங்குலம் வரைகூட நீளுமாம். அந்தத் தோலில் அடிபட்டால் வலிக்கும், இரத்தம் வரும். ஆகவே காளைகள் நெருக்கமான மரங்களுக்குள் முட்டிமோதாமல், மரம் குறைந்த உயரப் புல்வெளிகளில் நாலைந்தாகச் சேர்ந்து மேயும். சண்டை இல்லை, போட்டி இல்லை. தூரத்து முகட்டில் உட்கார்ந்து பைனாகுலர் வழியே பார்ப்பவருக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது.

என் தம்பி மகன் சொன்ன நடைமுறை இது. முதலில் வரைபடத்தில் மூன்றைத் தேடுவார்கள்: மேய்ச்சல், தண்ணீர், பகலில் படுக்க நிழல். மூன்றும் கிட்டக் கிட்ட இருக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, விடியும் முன்பே எதிர் மலைமுகட்டுக்குப் போய்விடுவார்கள். விடிந்து ஒரு மணி நேரம், பொழுது சாய ஒரு மணி நேரம், அவ்வளவுதான் பார்வை. நடுப்பகலில் மான் படுத்திருக்கும்போது தடங்களைத் தேடுவார்கள். படுக்குமிடத்துக்குள் மட்டும் காலை வைக்க மாட்டார்கள். ஒருமுறை மிரண்டால் காளை அந்தப் பள்ளத்தாக்கையே விட்டுப் போய்விடலாம்.

இதில் புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஆகஸ்டில் புல்வெளியில் பார்த்த காளை செப்டம்பரில் அங்கே இருக்கும் என்று நம்பிவிடுவார்கள். ஆனால் கோடை முடிவில் கொம்பு கெட்டியாகி, மென்தோல் உரிந்துவிடும். அதோடு இணைசேரும் வேகம் பிறந்து, கூடிக் கிடந்த காளைகள் பகையாளிகளாகிப் பசுக்கள் இருக்கும் இடம் தேடிப் பிரிந்துவிடும். "கோடைக்காலத்துல காளையைப் பார்த்தா மட்டும் பத்தாது பெரியப்பா, பசு எங்க மேயுதுன்னும் பார்த்து வைக்கணும். போன வருஷம் எந்த மரத்துல கொம்பு தேய்ச்சிருக்கு, எந்தச் சேத்துல புரண்டிருக்குன்னு பார்க்கணும்" என்றான். இன்று கண்ணில் படுவதைக் கொண்டு, நாளை எங்கே இருக்கும் என்று கணிப்பதே இக்கலையின் சாரம்.

அடுத்தது காற்று. மலையில் காற்றுக்கு ஒரு தினசரி நடை உண்டு. பொழுது சாய்ந்து குளிர்ந்தால் கனத்த காற்று சரிவில் கீழே இறங்கும். வெயில் ஏறியதும் சூடான காற்று மேலே ஏறும். காலையில் மானுக்கு மேலே நிற்பவரின் மணம் மானை நோக்கிக் கீழே இறங்கிவிடும். அதே ஆள் பத்து மணிக்கு அதே இடத்தில் நின்றால் தப்பித்துக்கொள்வார். கோடையில் போய் உட்காருகிறவர்கள் இந்த நேரக்கணக்கையும் படித்துக்கொண்டு வருகிறார்கள்.

நம் மிளாவின் ஆண்டு

இதே கணக்கை நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போட்டால் சரியாக வராது. வடக்கே பகல் பொழுதின் நீளம் பருவத்துக்குப் பருவம் வெகுவாக மாறுவதால், எல்க்குகளெல்லாம் ஏறத்தாழ ஒரே சமயத்தில் கொம்பு உதிர்த்து, ஒரே சமயத்தில் இணைசேர்கின்றன. நம் பகுதியில் பகல் நீளம் அதிகம் மாறுவதில்லை. ஆகவே கடமானின் நாட்காட்டி சற்று நெகிழ்வானது. பொதுவாகப் பங்குனி, சித்திரையில் கொம்பு உதிரும். தென்மேற்குப் பருவமழையில் மென்தோலோடு புதுக்கொம்பு வளரும். ஐப்பசி, கார்த்திகை வாக்கில் கெட்டியாகி இணைசேரும் காலம் தொடங்கும். ஆனாலும் ஒரே மாதத்தில் ஒரு காட்டில் மொட்டைத் தலை, மென்தோல் கொம்பு, கெட்டிக் கொம்பு ஆகிய மூன்றையும் காண முடியும்.

மட்டாஞ்சேரியில் நாம் மழைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கும் ஆடி மாதத்தில், பஜார் ரோட்டுக்கு ஏலக்காய் மூட்டை வரும் அதே இடுக்கி மலைகளில் மிளாவுக்குப் புதுக்கொம்பு வளர்ந்துகொண்டிருக்கிறது.

காடு எழுதி வைப்பது

மிளா இரவாடி. கண்ணால் பார்ப்பதைவிட அது விட்டுச்செல்வதைப் படிப்பதே முக்கியம். இது விஷயமாக எனக்குப் பாடம் எடுத்தவர் தேக்கடியில் எங்களைக் காட்டுக்குள் அழைத்துச் சென்ற வழிகாட்டி ஒருவர். கம்பம் பக்கத்துத் தமிழ் பேசுகிறவர். நான் பளிச்சென்ற சிவப்புச் சட்டையும் பவுடர் மணமுமாகப் போய் நின்றதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "சார், நீங்க வர்றது உங்களுக்கு முன்னாடியே மிளாவுக்குத் தெரிஞ்சு போச்சு" என்றார்.

அவர் காட்டியவை இவை. ஈர மண்ணில் பிளவுபட்ட குளம்புத் தடம்: புள்ளிமானுடையதைவிடப் பெரிது, தடத்தின் ஓரம் கூர்மையாக இருந்தால் புதியது, உதிர்ந்து காய்ந்திருந்தால் பழையது. புழுக்கை: மினுக்கமும் ஈரமும் இருந்தால் இன்றையது. சேற்றுக்குழி: மிளா புரண்டு எழுந்தால் அந்தச் சேறு வழியில் உள்ள இலைகளில் ஒட்டும், அது எந்த உயரத்தில் ஒட்டியிருக்கிறது என்பதை வைத்து விலங்கின் அளவை ஊகிக்கலாம். மரப்பட்டை: ஆண் மிளா கொம்பைத் தேய்த்து உரித்த இடம். இணைசேரும் காலம் நெருங்க நெருங்க இவ்வகைத் தழும்புகள் கூடும்.

பிறகு ஒலி. ஆபத்தைக் கண்ட மிளா முன்காலால் தரையைத் தட்டும், வாலை நிமிர்த்தும், கனமான ஒற்றைக் குரலில் கத்தும். புலியையோ சிறுத்தையையோ அது கண்டுகொண்டது என்பதற்கு அந்தக் குரல் காட்டில் பெரிதும் நம்பத்தக்க சாட்சியாக மதிக்கப்படுகிறது. செந்நாய் துரத்தினால் மிளா தண்ணீருக்குள் இறங்கி நின்றுகொள்ளும். தேக்கடி ஏரிக்கரையில் படகிலிருந்து மிளாவைப் பார்த்தவர்கள் அது தண்ணீரை ஏன் விட்டு விலகுவதில்லை என்று இனி யோசித்துப் பார்க்கலாம்.

ஊருக்குத் திரும்பி இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். "இதுக்கா தேக்கடி வரைக்கும் போன? எங்க அய்யா காட்டு வேலைக்குப் போயிட்டு வந்து சொல்லுவாவ. மிளா கத்துனா அந்தப் பக்கம் போகாதன்னு" என்றார். இத்தனை ஆண்டுகளில் நான் இதை ஒருமுறைகூட அவரிடம் கேட்டதில்லை.

முன்னோர் வேட்டையும் அதன் வரம்பும்

நம் குடும்பத்தில் யார் இப்படிச் செய்தார்கள் என்று அம்மா கேட்டாரே, நம் இலக்கியத்தில் செய்தவர்கள் உண்டு. கடையெழு வள்ளல்களில் ஒருவனான கொல்லிமலை வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, கலைமான், பன்றி, உடும்பு என வரிசையாக ஊடுருவியதாகப் புறநானூறு பேசுகிறது. கண்ணப்ப நாயனார் வேடர் குலத் தலைவர்.

ஆனால் 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார், திண்ணனாரின் முதல் வேட்டையை விவரிக்கும்போது ஒரு வரம்பையும் சேர்த்தே சொல்கிறார். அவ்வேடர்கள் யானைக்கன்றைத் தொடர மாட்டார்கள். சிறு குட்டிகளைக் கொல்ல மாட்டார்கள். கருவுற்று நடை தளர்ந்த பிணைமானை வருத்த மாட்டார்கள். எது குட்டி, எது சினை என்று கொல்லாமல் விட வேண்டுமானால் முதலில் நின்று நிதானமாகப் பார்க்கத் தெரிய வேண்டும். விடுவதற்கும் கண் வேண்டும் என்பதே அதில் எனக்குப் புலப்பட்ட பொருள்.

அமெரிக்காவில் இதே வரம்பைச் சட்டமாக்கி வைத்திருக்கிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கண்டத்தில் எல்க்கின் எண்ணிக்கை ஒரு லட்சத்துக்கும் கீழே போய்விட்டதாம். பிறகு உரிமம், பருவம், இத்தனை பேருக்கு மட்டும் அனுமதி என்ற கட்டுப்பாடுகள் வந்தன. 1937-இல் இயற்றிய ஒரு சட்டத்தால் வேட்டைத் துப்பாக்கி, தோட்டா மீதான வரி, வனவிலங்குப் பாதுகாப்புக்குத் திருப்பிவிடப்பட்டது. பின்னர் வில் அம்பும் அதில் சேர்ந்தன. இன்று எல்க் சுமார் பத்து லட்சம் என்கிறார்கள். தம்பி மகன் தன் பக்கத்து நியாயமாக இதைத்தான் சொன்னான். நியாயமானதுதான். ஆனால் நம் நாட்டின் காடும் மக்கள்தொகையும் வேறு. கடமானே இன்று உலக அளவில் அழியும் அபாயத்துக்கு உட்பட்ட இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. அது குறைந்தால் அதை உண்டு வாழும் புலியும் செந்நாயும் குறையும்.

வேட்டைக் காவலர் வனக் காவலரான கதை

இனி மூன்றாவது கேள்வி: நம் மலையில் அந்தக் கண் என்ன ஆயிற்று?

1879-இல் நீலகிரிக்கென ஒரு வேட்டைச் சட்டம் வந்தது. இன்ன மாதங்களில் வேட்டையாடக் கூடாது என்ற தடைக்காலம் நம் பக்கத்தில் எழுத்து வடிவில் வந்தது இதனால்தான். நோக்கம் விலங்கின் நலம் என்பதைவிட, அடுத்த ஆண்டும் வேட்டைக்கு விலங்கு வேண்டும் என்பதே.

கொச்சியிலிருந்து சுமார் 130 கிலோமீட்டரில் உள்ள மூணாறிலும் இதே கதைதான். இன்றைய இரவிகுளம் தேசியப் பூங்கா அன்று தேயிலைத் தோட்டத் துரைமார்களின் வேட்டைக்காடு. அவர்கள் பெரிதும் விரும்பியது வரையாட்டின் வயதான கடாவை. அதன் முதுகில் வெள்ளிச் சேணம் போட்டது போல நரைத்திருக்கும். அந்தக் கடா எந்தப் பாறையில், எந்த நேரத்தில் நிற்கும் என்று துரைக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் முதுவர்கள். மதுரையிலிருந்து குழந்தைகளை முதுகில் சுமந்து மலையேறியதாகத் தங்கள் வரலாற்றைச் சொல்லும், தமிழோடு நெருங்கிய மொழி பேசும் மக்கள். அவர்களையே வேட்டைக் காவலர்களாக அமர்த்தினார்கள். தோட்டக்காரர்களின் ஹை ரேஞ்ச் வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கம் இதையெல்லாம் மேற்பார்த்தது.

1971-இல் கேரள அரசு கண்ணன் தேவன் மலைநிலங்களை மீட்கும் சட்டம் இயற்றியது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. இரவிகுளம் 1975-இல் சரணாலயமாகி, 1978-இல் தேசியப் பூங்காவானது. பரப்பு 97 சதுர கிலோமீட்டர். துப்பாக்கி போயிற்று, ஆனால் முதுவரின் கண் அங்கேயே தங்கிவிட்டது. இன்றும் அப்பூங்காவின் காவலர்களில் முதுவர்கள் உண்டு. அன்று கடா எங்கே என்று துரைக்குக் காட்டிய கண், இன்று அந்தக் கடாவைக் காக்கிறது.

2025 ஏப்ரலில் தமிழகமும் கேரளமும் சேர்ந்து வரையாடு கணக்கெடுப்பு நடத்தின. மலையைப் பகுதிகளாகப் பிரித்து, ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் பார்த்து எண்ணினார்கள். கேரளத்தில் 1,365, தமிழகத்தில் 1,303, ஆக மொத்தம் 2,668. கொலராடோவில் என் தம்பி மகன் செய்வதும் இதே வேலைதான்: முகட்டில் உட்காருதல், பைனாகுலர், ஆண் பெண் குட்டி பிரித்தறிதல், குறித்துக்கொள்ளுதல். அவன் குறிப்பு ஓர் அம்புக்காக, இவர்கள் குறிப்பு ஒரு கணக்குக்காக. வேறுபாடு அவ்வளவே.

தேக்கடியின் கதை இன்னும் நெருக்கமானது. காட்டில் வயணப்பட்டை உரித்தும், வேட்டையாடியும் பிழைத்த சிலரை 1990களின் இறுதியில் வனத்துறை வழக்குகளோடு விடாமல், காவல் பணிக்கும் வழிகாட்டி வேலைக்கும் திருப்பியது. அவர்கள் நடத்தும் புலித்தடப் பயணம் இன்று புகழ்பெற்றது. எந்த வழியில் ஆள் நுழைவான், எங்கே கண்ணி வைப்பான் என்பது அவர்களைவிட யாருக்குத் தெரியும்? என் சிவப்புச் சட்டையைப் பார்த்துச் சிரித்தவரும் அப்படிப்பட்ட ஒருவரே. "அப்போ மிளாத் தடம் பாத்தா வயிறு நெறையும்னு தோணும் சார். இப்போ அது கொறஞ்சா வயித்துல பயம் வருது" என்றார். சட்டத்தைவிட இந்தச் சொல்லே எனக்குப் பெரிதாகப் பட்டது.

நம்மவர்களில் மா. கிருஷ்ணனையும் இங்கே நினைக்க வேண்டும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர்; 1912 முதல் 1996 வரை வாழ்ந்தவர். தமிழிலும் ஆங்கிலத்திலும் இயற்கையைப் பற்றி எழுதி, காட்டுக்குள் காமிராவோடு பொறுமையாகக் காத்திருந்தவர். வேடனின் பொறுமை அம்பில்லாமலும் பயன்படும் என்பதற்கு அவர் ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

நம் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்

விடுமுறைக்கு மூணாறும் தேக்கடியும் போகாத குடும்பம் நம் சங்கத்தில் இராது. போகும்போது இவற்றை நினைவில் வைக்கலாம்.

இரவிகுளத்தில் வரையாடு குட்டி ஈனும் காலமான பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பொதுவாகப் பார்வையாளரை அனுமதிப்பதில்லை, விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். தேக்கடியில் காலை முதல் படகே நல்லது. மங்கலான நிற உடை, வாசனைப் பொருள் வேண்டாம், குரலைத் தாழ்த்துங்கள். குழந்தைகளிடம் "மான் எங்கே?" என்று கேட்பதோடு, "தண்ணீர் எங்கே, நிழல் எங்கே, காற்று எந்தப் பக்கம்?" என்றும் கேளுங்கள். கால் மணி நேரம் ஓரிடத்தில் அசையாமல் இருக்கப் பழக்குங்கள். அதுவே பாதிப் பாடம்.

இன்னொன்று முக்கியமானது. காட்டில் உதிர்ந்து கிடக்கும் மான்கொம்பைத் தொடாதீர்கள். தானாக விழுந்ததுதானே என்று எடுத்து வருவதும் சட்டப்படி குற்றம். வாங்குவதும் விற்பதும் அப்படியே. தாத்தா காலத்துக் கொம்பு சுவரில் மாட்டியிருக்கும் வீடுகள் அதற்கு முறையான உரிமைச் சான்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நலம். கொம்புக்கு விலை இருக்கும்வரை, உதிர்ந்தது என்ற பெயரில் கொன்று எடுத்ததும் விற்கப்படலாம் என்பதே இந்தக் கண்டிப்புக்குக் காரணம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம்மில் பலருக்குத் தென்காசி, பாபநாசம், கம்பம், போடி, பொள்ளாச்சிப் பக்கத்து வேர் உண்டு. அங்கிருந்து வந்த பெரியவர்களுக்குக் காட்டுத் தடம், புழுக்கை, பறவைக் குரல் பற்றித் தெரிந்த சொற்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றைக் கேட்டு எழுதி வையுங்கள். என் தாயாரிடமிருந்து இதுவரை ஒரு நோட்டில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். என் தாத்தாவிடம் கேட்டிருந்தால் நாற்பது பக்கம் வந்திருக்கும். கேட்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

புரட்டாசியில் தம்பி மகன் மறுபடியும் வீடியோ காலில் வந்தான். ஆகஸ்டில் புல்வெளியில் பார்த்த ஐந்து காளைகளில் ஒன்றைக்கூட செப்டம்பரில் அந்த இடத்தில் காணவில்லை என்றும், ஒன்பது நாள் நடந்ததில் ஒரே ஒருமுறைதான் கிட்டப் போக முடிந்தது என்றும், அப்போது காற்று திரும்பிவிட்டது என்றும் சொன்னான். அம்மா நோட்டைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "அடுத்த வருஷமும் போவியா?" என்று கேட்டார். "போவேன் ஆச்சி" என்றான் அவன், சற்றுத் தயங்கி.

அம்மா மறுத்தும் சொல்லவில்லை, சரியென்றும் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து, "சேத்துல புரண்ட எடம் பாத்தியா? அதுல தண்ணி கலங்கி இருந்துச்சா, தெளிஞ்சு இருந்துச்சா?" என்று கேட்டார். அவன் யோசித்துவிட்டு, கலங்கித்தான் இருந்தது என்றான். "அப்போ நீ வர்றதுக்குச் சத்த முன்னாடிதாம்ல போயிருக்கு" என்றார் அம்மா. அன்றைக்கு இருவரும் ஒரு மணி நேரம் பேசினார்கள்.